வாப்ஸ்-ஹீமோ பிகே டெஸ்ட், மைவாப்ஸ் ஆப்: ஹீமோஃபீலியா ஏ இருக்கிற ஒருத்தனோட நீளமான ரிவ்யூ

முதல்லயே மார்க் போட்டுடறேன், படிக்க நேரம் இல்லாதவங்க இதோட கிளம்பிடலாம். பிகே (ஃபார்மகோகைனெடிக்ஸ், போட்ட மருந்து உடம்புல எவ்ளோ நேரம் தாங்குதுன்னு அளக்கிறது) ரிப்போர்ட்டுக்கு அஞ்சுக்கு அஞ்சு, ஆப்புக்கு அஞ்சுக்கு மூணரை. ரெண்டும் ஒரே இடத்துல இருந்து வர்றதுதான், கனடாவுல ஹாமில்டன் ஊர்ல இருக்கிற மெக்மாஸ்டர் யூனிவர்சிட்டி நடத்துற வாப்ஸ்-ஹீமோங்கிற ஆன்லைன் சேவை. ஆனா ரிப்போர்ட் உங்க ட்ரீட்மென்ட்டையே மாத்திடும், ஆப் அந்த மாத்தத்தை தினசரி ஞாபகப்படுத்தும், அவ்ளோதான் வித்தியாசம்.

என்னைப் பத்தி ரெண்டு வரி. ஹீமோஃபீலியா ஏ, சிவியர், அதாவது ரத்தத்தை உறைய வைக்கிற ஃபேக்டர் எட்டுங்கிற புரதம் நார்மல் அளவுல 1 சதவீதத்துக்கும் கீழ. சொந்த ஊர் திருச்சி, இப்ப வேலை டொராண்டோ பக்கம். அம்மா வழியில வர்ற வியாதிங்கிறதால எங்க தாய்மாமாவுக்கும் இதே, அவர் காலத்துல ஃபேக்டர்னு ஒண்ணு இருக்குன்னே ஊர்ல நிறைய பேருக்குத் தெரியாது, பிளாஸ்மா ஏத்துவாங்க, ஐஸ் வைப்பாங்க, முட்டி மடங்கினது மடங்கினபடியே நின்னுடுச்சு. நான் அந்த அளவுக்குப் போகாம தப்பிச்சேன், ஆனா இடது கணுக்கால் எனக்கு டார்கெட் ஜாயிண்ட், எங்க ரத்தம் கசிஞ்சாலும் அங்கதான் முதல்ல. இங்க ஃபேக்டர் கனேடியன் பிளட் சர்வீசஸ் மூலமா வருது, பேஷன்ட் கையில இருந்து காசு கிடையாது, வீட்லயே நானே நரம்புல போட்டுக்கிறேன்.

சரி, பிகேன்னா என்ன. மருந்து உடம்புக்குள்ள போனதும் எவ்ளோ உயரத்துக்கு ஏறுது, எவ்ளோ வேகத்துல இறங்குது, எப்ப காலியாகுதுன்னு அளந்து பாக்கிறது. எல்லா மருந்துக்கும் இது உண்டு, ஆனா ஃபேக்டர் விஷயத்துல இது நேரா வாழ்க்கையில வந்து மோதும், ஏன்னா லெவல் கீழ இருக்கிற நேரத்துலதான் மூட்டுல ரத்தம் கசியற ரிஸ்க் அதிகம். சுவீடன்ல மால்மோவுல 1958-லயே சிவியரா இருக்கிற பசங்களுக்கு முன்கூட்டியே ஃபேக்டர் போட ஆரம்பிச்சாங்க, அப்ப அவங்க யோசனை ரொம்ப சிம்பிள், 1-ல இருந்து 5 சதவீதத்துக்குள்ள இருக்கிற மாடரேட் ஆளுங்களுக்கு மூட்டு அவ்ளோவா கெடல, அப்ப சிவியர் ஆளை எப்பவும் 1-க்கு மேல வச்சிருந்தா அவனும் மாடரேட் மாதிரி ஆயிடுவான்ல. அந்த 1 சதவீதம்தான் பல வருஷம் எல்லாரும் புடிச்சுட்டு இருந்த கோடு. இப்போ 3, 5ன்னு அதுக்கும் மேல வைக்கலாமேன்னு பேசுறாங்க, சந்தோஷம்.

ஆனா டோஸ் எப்படி போடுறாங்கன்னு பாத்தா, வெயிட். எத்தனை கிலோ, கிலோவுக்கு எத்தனை யூனிட், பெருக்கு, வயல் (மருந்து பாட்டில்) சைஸுக்கு ரவுண்ட் பண்ணு, முடிஞ்சது. ஃபேக்டர் எட்டுக்கு கிலோவுக்கு ஒரு யூனிட் போட்டா லெவல் சுமாரா 2 சதவீதம் ஏறும், இது எல்லா க்ளினிக்லயும் மனப்பாடம். எனக்கு 70 கிலோ, 2000 யூனிட் போட்டா 57 சதவீதம் பக்கம் ஏறணும். ஏறுச்சு, அதுல பிரச்சனை இல்ல. பிரச்சனை இறங்கற வேகத்துல. சாதாரண ஃபேக்டர் எட்டுக்கு ஹாஃப் லைஃப், அதாவது லெவல் பாதியா குறையற நேரம், 8-ல இருந்து 12 மணி நேரம்னு புக்ல போட்டிருக்கும், கேக்கறதுக்கு சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும், கணக்கு போட்டுப் பாத்தாதான் தெரியும் அது எவ்ளோ பெரிய வித்தியாசம்னு.

நான் திங்கள், புதன், வெள்ளி காலை 7 மணிக்கு போட்டுட்டு இருந்தேன். ரிப்போர்ட் வந்ததுல எனக்கு ஹாஃப் லைஃப் 9 மணி நேரம். அதாவது வெள்ளிக்கிழமை காலைல 57-ல ஆரம்பிச்சா 9 மணி நேரத்துக்கு ஒருக்க பாதி பாதியா குறைஞ்சு ஞாயித்துக்கிழமை காலை 11 மணி வாக்குல 1-க்கு கீழ போயிடுது, திங்கள் காலை ஊசி போடுறப்ப 0.2 தான் மிச்சம். இதே 2000 யூனிட்டை 12 மணி நேர ஹாஃப் லைஃப் இருக்கிற, என் வெயிட்டே இருக்கிற ஒருத்தன் போட்டா திங்கள் காலைல அவனுக்கு 1-ஐ ஒட்டி இருக்கும். ரெண்டு பேருக்கும் சீட்டுல ஒரே டோஸ். எனக்கு கணுக்கால் வீங்கறது பெரும்பாலும் ஞாயிறு சாயங்காலம், இல்ல திங்கக்கிழமை எந்திரிக்கும்போது, நான் இத்தனை நாளா ஞாயித்துக்கிழமை பசங்களோட பார்க்ல ஓடுறதுதான் காரணம்னு நினைச்சு ஓடுறதையே நிறுத்தச் சொல்லிட்டாங்க வீட்ல. ஓடுனதுல பாதி தப்பு, ஓடுன நேரத்துல பாதி தப்பு.

எனக்கு ஏன் 9, அடுத்தவனுக்கு ஏன் 12? டாக்டர் சொன்னது: ஃபேக்டர் எட்டு ரத்தத்துல தனியா சுத்தாது, வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர்னு இன்னொரு புரதத்தோட ஒட்டிட்டுதான் சுத்தும், அது நிறைய இருந்தா இதுவும் நாள் தாங்கும், கம்மியா இருந்தா இதுவும் சீக்கிரம் வெளியேறிடும். ஓ குரூப் ரத்தக்காரங்களுக்கு அந்த வான் வில்லிபிராண்ட் மத்த குரூப்பை விட பொதுவாவே கம்மி. நான் ஓ பாசிட்டிவ். ஊர்ல எத்தனை பிளட் டொனேஷன் கேம்ப்ல ஓ குரூப்புனா கை தட்டி கூப்பிடுவாங்க, இங்க இப்படி ஒரு ஆப்பு. அப்புறம் வயசு, சின்னப் பசங்களுக்கு ஃபேக்டர் பெரியவங்களை விட வேகமா வெளியேறும், அதனாலதான் குழந்தைக்கு கிலோ கணக்குல பாத்தா டோஸ் கூடவே போடுறாங்க.

இப்ப சர்வீஸுக்கு வர்றேன். முன்னாடி எல்லாம் ஒழுங்கா பிகே பாக்கணும்னா ஃபேக்டர் போடாம மூணு நாள் மாதிரி விட்டுட்டு, அப்புறம் ஒரு டோஸ் போட்டு, ரெண்டு நாளுக்குள்ள பத்து பதினோரு தடவை ரத்தம் எடுக்கணும். சிவியர் ஹீமோஃபீலியாக்காரனை மூணு நாள் மருந்து இல்லாம இருன்னு சொல்றதும், பத்து தடவை குத்துறதும், சின்ன குழந்தைக்கு எல்லாம் நினைச்சே பாக்க முடியாது. அதனால ரிசர்ச் ட்ரையல்ல இருக்கிறவங்களுக்குத்தான் அது நடந்துச்சு, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வெயிட் கணக்கு.

வாப்ஸ் பண்றது என்னன்னா, ஒவ்வொரு பிராண்ட் ஃபேக்டருக்கும் ஏற்கனவே நிறைய பேஷன்ட்ஸோட லெவல் டேட்டா வச்சு ஒரு மாடல் கட்டி வச்சிருக்காங்க, இந்த வயசுல இந்த வெயிட்ல இருக்கிற ஆளுக்கு இந்த மருந்து சராசரியா இப்படி இறங்கும், ஆளுக்கு ஆள் இவ்ளோ வேறுபடும்னு. நம்மகிட்ட இருந்து ரெண்டு மூணு சாம்பிள் போதும், அந்த மூணு புள்ளிய வச்சு இந்தக் கூட்டத்துல நீ எங்க நிக்கிறன்னு கண்டுபிடிச்சு உன் கர்வை வரைஞ்சு குடுத்துடும். பேய்ஸ் முறைன்னு சொல்றாங்க, புள்ளியியல் படிச்சவங்களுக்குத் தெரியும். மருந்தை நிறுத்திட்டு காத்திருக்கவும் வேண்டாம், முந்தின டோஸ்கள் எப்ப எவ்ளோ போட்டோம்னு சரியா சொன்னா அதையும் கணக்குல சேர்த்துக்கும். எனக்கு 4-வது மணி, 24-வது மணி, 48-வது மணி, இந்த மூணு சாம்பிள். 48-ல லேப் 1-க்கு கீழன்னு குடுத்தா கூட வேஸ்ட் இல்ல, அதுவும் ஒரு தகவல்தான்.

நாமளா போய் இதுல ரிஜிஸ்டர் பண்ண முடியாது, ஹீமோஃபீலியா சென்டர்ல இருக்கிற டாக்டரோ நர்ஸோதான் டேட்டா ஏத்தணும். வயசு, உயரம், வெயிட், எந்த பிராண்ட், எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு போட்டது, எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தது, ரிசல்ட் என்ன, எந்த முறையில டெஸ்ட் பண்ணது. பேர் விலாசம் எதுவும் அங்க போகாது.

இங்க நான் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா ரிப்போர்ட் நல்லா வர்றதும் சொதப்புறதும் இந்த ரத்தம் எடுக்கிற கட்டத்துலதான், மாடல் எவ்ளோ பெரிய ஆளு எழுதினதா இருந்தாலும் நீங்க தப்பு நேரம் குடுத்தா தப்பு கர்வ்தான் வரும். ஊசி போட்ட நேரத்தை "காலைல"ன்னு எழுதாதீங்க, கடிகாரத்தைப் பாத்து எழுதுங்க. வயல்ல பெரிய எழுத்துல 1000னு இருக்கும், ஆனா பக்கத்துல சின்னதா அந்த லாட்ல உண்மையா எவ்ளோ இருக்குன்னு போட்டிருப்பான், 1000-க்கு கொஞ்சம் மேலயோ கீழயோ, அந்த நம்பரைத்தான் குடுக்கணும், ரெண்டு வயல் கலந்தா ரெண்டையும் கூட்டி. எந்தக் கையில மருந்து போட்டீங்களோ அந்தக் கையில உடனே ரத்தம் எடுக்க விடாதீங்க, போர்ட் (ஊசி போட தோலுக்கு அடியில பதிச்ச குழாய்) வச்சிருக்கிற பசங்களுக்கு இன்னும் முக்கியம், போர்ட் வழியா ஃபேக்டர் போட்டுட்டு அதே போர்ட்ல சாம்பிள் எடுத்தா குழாய்ல ஒட்டியிருக்கிற மருந்தே லெவலை வானத்துக்கு தூக்கி காட்டும். நீல மூடி டியூப், சிட்ரேட் இருக்கிறது, கோடு வரைக்கும் ரத்தம் நிரம்பணும், பாதி டியூப் அனுப்பினா ரத்தத்துக்கும் சிட்ரேட்டுக்கும் இருக்க வேண்டிய விகிதம் கெட்டுடும். எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு லேப்ல எடுத்தது அப்படி ரிஜெக்ட் ஆகி, ஆஃபீஸ்ல லீவு சொல்லி, திரும்ப முதல்ல இருந்து எல்லாம் பண்ண வேண்டியதாச்சு, அதுக்கப்புறம் சென்டர்லயே எடுத்துட்டேன். ப்ளீட் (ரத்தக் கசிவு) இருக்கிற நேரத்துல டெஸ்ட் பண்ணாதீங்க, அப்ப ஃபேக்டர் செலவாயிட்டே இருக்கும், அது உங்க சாதாரண நிலைமை கிடையாது.

எந்த முறையில லேப் டெஸ்ட் பண்றாங்கங்கிறதும் பெரிய கதை. ஒன்-ஸ்டேஜ்னு ஒண்ணு, குரோமோஜெனிக்னு ஒண்ணு. பழைய ஃபேக்டருக்கு ரெண்டும் சுமாரா ஒத்துப்போகும், புது மருந்துகள்ல சிலதுக்கு ஒத்தே வராது, ஆஃப்ஸ்டிலான்னு ஒரு ஃபேக்டர் எட்டு இருக்கு, அதுக்கு ஒன்-ஸ்டேஜ்ல பாத்தா கிட்டத்தட்ட பாதி லெவல்தான் காட்டும். அதனால ரிப்போர்ட்ல டெஸ்ட் முறை என்னன்னு போட்டிருக்கிறத பாருங்க, அடுத்த தடவை வேற முறைல பண்ணிட்டு "ஐயோ என் ஹாஃப் லைஃப் மாறிடுச்சு"ன்னு குழம்ப வேண்டாம். ஹெம்லிப்ரா (ஃபேக்டருக்குப் பதிலா போடுற ஆன்டிபாடி ஊசி) எடுத்துட்டு இருந்து இப்ப ஃபேக்டர் அளக்கணும்னா அதுக்கு இன்னும் தனி வழி, மாட்டு புரதம் வச்ச குரோமோஜெனிக் டெஸ்ட்தான், சாதாரண ஒன்-ஸ்டேஜ் எல்லாத்தையும் நார்மலா காட்டி ஏமாத்தும்.

ரிப்போர்ட்ல என்ன இருக்கும்? ஒரு கர்வ், அதைச் சுத்தி ஒரு பட்டை, அதாவது உண்மை இந்தப் பட்டைக்குள்ள எங்கயோ இருக்குன்னு அர்த்தம். ஹாஃப் லைஃப் எவ்ளோ, 5 சதவீதத்துக்கு எத்தனை மணி நேரத்துல வரும், 2-க்கு, 1-க்கு எத்தனை மணி நேரம். எனக்கு 5-க்கு 31, 2-க்கு 43, 1-க்கு 52 பக்கம் வந்துச்சு. ஹாஃப் லைஃபை விட இந்த மூணு நம்பர்தான் எனக்கு உபயோகம், ஏன்னா இதை காலண்டர்ல அப்படியே போட்டுப் பாக்கலாம். பட்டையை தயவு செஞ்சு பாருங்க, நடுவுல இருக்கிற கோட்டை மட்டும் பாக்காதீங்க. சாம்பிள் கம்மியா குடுத்தா மாடல் உங்களை சராசரி ஆளு பக்கம் இழுக்கும், நீங்க சராசரியில இருந்து ரொம்ப விலகின ஆளா இருந்தா அது முழுசா தெரியாம போயிடலாம். அதனாலதான் ஒரே ஒரு சாம்பிள் எடுத்துட்டு பிகே பண்ணியாச்சுன்னு சொல்றது எனக்குப் பிடிக்காது.

அப்புறம் டோஸ் கால்குலேட்டர், இதுதான் எனக்கு காசு குடுத்தாலும் கிடைக்காத பகுதி (காசு கேக்கலங்கிறது வேற விஷயம்). டாக்டர் பக்கத்துல உக்காந்து ஸ்க்ரீன்ல மாத்தி மாத்திப் போட்டுக் காட்டினாங்க. நான் கேட்ட முதல் கேள்வி, வெள்ளிக்கிழமை டோஸை டபுள் பண்ணிடலாமா, 4000 போட்டா ஞாயிறு முழுக்க தாங்குமேன்னு. போட்டுப் பாத்தோம். 1-க்கு கீழ போற நேரம் ஞாயிறு காலை 11-ல இருந்து ராத்திரி 8 மணிக்கு தள்ளிப் போச்சு, அவ்ளோதான். 2000 யூனிட் கூடுதலா போட்டு கிடைச்சது ஒரே ஒரு ஹாஃப் லைஃப், 9 மணி நேரம். ஓட்டைக் குடத்துல எவ்ளோ உயரத்துக்கு தண்ணி ஊத்துறமோ அவ்ளோ வேகமா ஒழுகும்ல, அதே கதை. இதையே இன்னொரு மாதிரி போட்டா: ஒரு நாள் விட்டு ஒரு நாள் 2000, வாரத்துக்கு சராசரி 7000 யூனிட், அடுத்த டோஸுக்கு முன்னாடி மிச்சம் இருக்கிறது 1.4. அதே 7000-ஐ தினமும் 1000-ஆ பிரிச்சா மிச்சம் 5-க்கு மேல. அதே மருந்து, அதே செலவு, மூணு மடங்குக்கு மேல ட்ரஃப், அதாவது அடுத்த டோஸுக்கு முன்னாடி இருக்கிற அந்த மிச்சம். ஆனா தினமும் நரம்பு தேடணும், என் கை நரம்பு நிலைமைக்கு அது முடியாதுன்னு நானே சொல்லிட்டேன், உச்சமும் 57 வரைக்கும் போகாம 34 பக்கம் நிக்கும், விளையாட்டுக்கு உச்சம் வேணுங்கிறவங்களுக்கு அது சரிப்படாது. எதை விட்டுட்டு எதை எடுக்கிறோம்னு கண்ணால பாத்துட்டு முடிவு பண்ண முடிஞ்சதுதான் இங்க விஷயம், இது வரைக்கும் யாரோ முடிவு பண்ணி சீட்டு எழுதுவாங்க.

கடைசியில எக்ஸ்டெண்டட் ஹாஃப் லைஃப் ஃபேக்டருக்கு மாறினோம். இதுலயும் விளம்பரத்தை நம்பாதீங்க, ஃபேக்டர் எட்டுல அந்த வகை பெரும்பாலும் ஒன்றரை மடங்குதான் நீட்டிக்கும், ஏன்னா அது இன்னமும் அந்த வான் வில்லிபிராண்டோடதான் ஒட்டிட்டு சுத்துது, அது போற வேகத்துலதான் இதுவும் போகும். மறுபடி பிகே பண்ணதுல எனக்கு 14 மணி நேரம். அதே 2000 யூனிட், அதே மூணு நாள், திங்கள் காலை மிச்சம் 0.2-ல இருந்து 1.6 ஆச்சு, வார நாள்ல 5. அதோட நிறுத்தாம நாளையும் மாத்திட்டோம், ஞாயித்துக்கிழமை காலைல ஒரு டோஸ் விழற மாதிரி. பசங்களோட பார்க்குக்கு போறது இப்ப லெவல் உச்சத்துல இருக்கிற நேரத்துல. கணுக்கால் முழுசா சரியாயிடுச்சான்னு கேட்டா இல்ல, ஏற்கனவே தேஞ்ச மூட்டு தேஞ்சதுதான், ஆனா புதுசா வீங்கறது நல்லாவே கொறைஞ்சிருக்கு.

வான் வில்லிபிராண்டை விட்டு தனியா பிரிஞ்சு சுத்துற மாதிரி செஞ்ச புது ஃபேக்டர் எட்டும் வந்துடுச்சு, ஆல்டுவியோ, அமெரிக்காவுல 2023-ல அப்ரூவல், பெரியவங்களுக்கு ஹாஃப் லைஃப் 40 மணி நேரத்துக்கும் மேல, வாரத்துக்கு ஒரு ஊசி. அது கையில கிடைச்சவங்களுக்கு இந்த ஞாயித்துக்கிழமை கணக்கெல்லாம் தேவையே படாது. ஹீமோஃபீலியா பி (ஃபேக்டர் ஒன்பது குறையற வகை) ஆளுங்களுக்கு எக்ஸ்டெண்டட் ஃபேக்டர் ஒன்பது முன்னாடியே பெரிய பாய்ச்சல், சிலது 80, 100 மணி நேரம் வரை போகுது. ஆனா ஃபேக்டர் ஒன்பது ரத்தத்துல மட்டும் இல்லாம ரத்தக்குழாய்க்கு வெளியவும் போய் கொலாஜன்ல ஒட்டிக்கும், ரத்தத்துல எடுத்த லெவல் அதைக் காட்டாது, அதனால பி-க்காரங்க ட்ரஃப் நம்பரை மட்டும் வச்சு ரெண்டு பிராண்டை ஒப்பிட்டு சண்டை போடாதீங்க.

இப்ப ஆப். மைவாப்ஸ். ரிப்போர்ட் ரெடியானதும் சென்டர்ல இருந்து உங்க கணக்கை இணைச்சு விடுவாங்க, ஒவ்வொரு தடவை ஊசி போட்டதும் எத்தனை யூனிட், எத்தனை மணின்னு பதிவு பண்ணா இப்ப உங்க லெவல் சுமாரா இவ்ளோன்னு காட்டும். பிடிச்சது: பிசியோவுக்கு போறதுக்கு முன்னாடி, பல்லு க்ளீனிங்குக்கு முன்னாடி, பனிக்காலத்துல வாசல்ல ஸ்னோ தள்ளறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாத்துக்கலாம். ஊருக்கு ஃப்ளைட் ஏறும்போதும் நல்லது, ஒன்பதரை, பத்தரை மணி நேரம் டைம் மாறுறதுல எந்த நாள் எந்த டோஸ்னு மண்டை குழம்பும், மணி நேரக் கணக்கு குழப்பாது.

ஏன் ஒன்றரை மார்க் கொறைச்சேன்னா, அது காட்டுறது கணக்கு, ரத்தப் பரிசோதனை இல்ல. நீங்க வெயிட் போட்டிருந்தாலும் அதுக்குத் தெரியாது, முட்டில ரத்தம் கசிஞ்சு ஃபேக்டர் செலவாயிட்டு இருந்தாலும் தெரியாது, இன்ஹிபிடர் வந்திருந்தா சுத்தமா தெரியாது. சிவியர் ஏ-ல சுமார் 30 சதவீதம் பேருக்கு ஃபேக்டரையே எதிரியா நினைச்சு உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கும், அதுதான் இன்ஹிபிடர், அது இருந்தா போட்ட மருந்து வேலை செய்யாது, ஆப் மட்டும் அழகா 40 சதவீதம்னு காட்டிட்டு இருக்கும். வலி இருக்கு, வீக்கம் இருக்கு, ஆப்ல லெவல் நல்லா இருக்குன்னு சும்மா உக்காந்துடாதீங்க, உங்க மூட்டு சொல்றதைத்தான் நம்பணும், சென்டருக்கு போன் பண்ணுங்க, ஃபேக்டர் லெவலும், இன்ஹிபிடரை அளக்கிற பெதெஸ்டா டெஸ்ட்டும் நேரா பாக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, பதிவு பண்ற ஒழுக்கம் நமக்கு வேணும், ரெண்டு டோஸ் போட்டு பதிவு பண்ண மறந்தா அதுக்கப்புறம் காட்டுற நம்பருக்கு மதிப்பே இல்ல, இது ஆப்போட தப்பு இல்லன்னாலும் மார்க்ல வரும்.

இதே மாதிரி மைபிகேஃபிட்னு ஒண்ணும் இருக்கு, இப்ப டகேடா மருந்து கம்பெனி கையில இருக்கிறது, அவங்களோட சொந்த ஃபேக்டர் எட்டு போடுறவங்களுக்கு மட்டும். அவங்களோட அட்வேட் போட்டுட்டு இருந்தா அதுவும் போதும், ஆனா பிராண்ட் மாறினா கதை முடிஞ்சது. இங்க டெண்டர் வச்சு வாங்குறதால எந்த பிராண்ட் எப்ப மாறும்னு நம்ம கையில இல்ல, அதனால எல்லா கம்பெனி மருந்தையும் ஒரே இடத்துல பாக்கிற வாப்ஸ்தான் எனக்கு சரி. மருந்து மாறுறப்ப பழைய மருந்துக்கு ஒரு பிகே, புதுசுக்கு ஒரு பிகே, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்து மாத்துங்க, டோஸ் அப்படியே போட்டுக்கோன்னு சொன்னா ஒரு கேள்வியாவது கேளுங்க.

இதுக்கு நிதி யார்னு கேட்டா, மருந்து கம்பெனிகள் குடுக்கிற க்ரான்ட்டும் இருக்கு, அதை அவங்க வெளியிடுற பேப்பர்லயே போட்டிருக்காங்க. இதைக் கேட்டதும் இங்க இருக்கிற வயசான ஹீமோஃபீலியா ஆளுங்களுக்கு மூக்கு விடைக்கும், அதுல தப்பே இல்ல, 80-கள்ல கெட்ட ரத்தத்துல எச்ஐவியும் ஹெபடைட்டிஸ் சி-யும் வாங்கின தலைமுறை அது, அதை விசாரிச்ச க்ரீவர் கமிஷன் 1997-ல ரிப்போர்ட் குடுத்து அதுக்கப்புறம்தான் செஞ்சிலுவைச் சங்கத்துகிட்ட இருந்து ரத்த வேலையைப் பிடுங்கி 1998-ல கனேடியன் பிளட் சர்வீசஸ் ஆரம்பிச்சாங்க. என் கருத்து, நடத்துறது யூனிவர்சிட்டி, எல்லா கம்பெனி மருந்தும் ஒரே தட்டுல இருக்கு, எவனோ ஒருத்தன் மருந்தை மட்டும் தூக்கிக் காட்டுற வேலை இல்ல, அதனால எனக்கு ஓகே. உங்களுக்கு சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட நேரா கேக்கலாம்.

ஊர்ல இருக்கிறவங்களுக்கு இது தேவையா, இதெல்லாம் ஃபேக்டர் கொட்டிக் கிடக்கிற நாட்டோட ஆடம்பரம்னு என் ஃப்ரெண்டு ஒருத்தன் சொன்னான். நான் ஒத்துக்கவே மாட்டேன். தமிழ்நாட்டுல அரசு ஆஸ்பத்திரியில ஃபேக்டர் இலவசமா குடுக்கிறாங்க, நல்ல விஷயம், ஆனா இந்தியாவுல தடுப்பு டோஸ் போட்டாலும் பெரும்பாலும் கிலோவுக்கு 10 யூனிட் பக்கம்தான், லோ டோஸ். 50 கிலோ பையனுக்கு 500 யூனிட், லெவல் 20 ஏறும். ஹாஃப் லைஃப் 9 மணி நேரமா இருந்தா 39 மணி நேரத்துல 1-க்கு கீழ, 16 மணி நேரமா இருந்தா 69 மணி நேரம் தாங்கும். ஒருத்தனுக்கு வாரம் ரெண்டு ஊசி ஓரளவு காப்பாத்தும், இன்னொருத்தனுக்கு அதே ரெண்டு ஊசியில வாரத்துல பாதிக்கு மேல பாதுகாப்பே இல்ல. மருந்து கம்மியா இருக்கிற இடத்துலதான் யாருக்கு எந்த இடைவெளியில போடணும்னு தெரிஞ்சுக்கிறது அதிகமா தேவைப்படுது, ஒவ்வொரு யூனிட்டும் எங்க போய் விழுதுன்னு தெரியணும்ல. உலக ஹீமோஃபீலியா கூட்டமைப்போட 2020 வழிகாட்டி நூலுக்கு முதல் பேரா நிக்கிறவரே அப்ப வேலூர் சிஎம்சில இருந்த டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவாதான், ஆள் இல்லாத ஊர் கிடையாது நம்ம ஊர். முட்டுக்கட்டை மாடல்ல இல்ல, 24-வது மணியிலயும் 48-வது மணியிலயும் ரத்தம் எடுத்து ஃபேக்டர் லெவல் நம்பிக்கையா பாக்கிற லேப் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கணும், பஸ் ஏறி மூணு நாள் வந்து போக பேஷன்ட்டுக்கு கூலி போகாம இருக்கணும். அங்கதான் மாட்டும்.

யார் பண்ணணும்: தடுப்பு டோஸ்ல இருந்தும் ப்ளீட் ஆகுறவங்க, மருந்து மாறுறவங்க, விளையாடணும்னு ஆசைப்படுறவங்க, வளர்ற பசங்க. பசங்களுக்கு வளர வளர திரும்பப் பாக்கணும், பெரியவங்களுக்கு அதே மருந்து அதே வெயிட்டுனா அடிக்கடி தேவையில்ல. ஹெம்லிப்ரா மட்டும் போட்டு நல்லா இருக்கிறவங்களுக்கு இது அவ்ளோ உதவாது, அது ஃபேக்டர் இல்ல, ஆன்டிபாடி, நாலு வாரம் பக்கம் ஹாஃப் லைஃப், உச்சம் பள்ளம்னு பெருசா எதுவும் கிடையாது.

காசு பத்தி மெசேஜ்ல கேப்பீங்கன்னு தெரியும்: க்ளினிக்குக்கும் இலவசம், எனக்கும் இலவசம், செலவுன்னா லேப் டெஸ்ட்டும் உங்க லீவும்தான். சென்டர்ல கேக்கும்போது "பிகே பண்ணணும்"னு மட்டும் சொல்லாம ரிப்போர்ட்டோட பிடிஎஃப் காப்பியும் வேணும்னு சொல்லி வாங்கிக்கோங்க, ஊருக்கு வர்றப்ப அதை போன்ல வச்சுக்கோங்க, எமர்ஜென்சில எந்த டாக்டர் பாத்தாலும் கிலோ கணக்கை விட அது அவருக்கு உபயோகமா இருக்கும்.